அக்கா மகள் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறேன் என்கிறாள்: நம்ம கடற்கரையில் இதற்கு என்ன மதிப்பு?

கேள்வி (மண்டபத்துக்காரர்), 11 ஜூன் 2024

என் அக்கா மகள் பி.ஏ. தமிழ் முடித்துவிட்டாள். பி.எட். சேரச் சொன்னால் எம்.எஸ்.டபிள்யூ.தான் (சமூகப்பணி முதுகலை) படிப்பேன் என்று நிற்கிறாள். மச்சான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அக்கா கடல்பாசி எடுக்கப் போகும். இரண்டு வருசம் மதுரையில் விடுதியில் வைத்துப் படிக்கவைத்து, கடைசியில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு திரியவா? சேவை செய்ய டிகிரி எதற்கு? எங்கள் சங்கத் தலைவர் எட்டாவதுதான் படித்தவர். கலெக்டர் ஆபீஸ் வரை போய்ப் பேசிவிட்டு வருகிறார். படித்தவர்கள் இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

11 ஜூன், இரவு

படித்தவள் நான். இராமநாதபுரம் மாவட்டம், உச்சிப்புளிப் பக்கம். மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக், அதாவது மருத்துவ-மனநலப் பிரிவு. இப்போது ஒப்பந்த வேலை.

அண்ணே, உங்கள் சங்கத் தலைவர் செய்வதும் இந்தப் படிப்பு படித்தவர் செய்வதும் ஒரே வேலை என்று எடுத்துக்கொண்டு கேட்கிறீர்கள். தலைவர் ஊருக்காகப் பேசுவார், நன்றாகவே பேசுவார். டீசல் மானியம், பிடிபட்ட படகு, தடைக்கால நிவாரணம் எல்லாம் ஊர்ப் பிரச்சினை. ஒரு வீட்டுக்கு எதிராக ஊரே ஒன்றுகூடி நிற்கும் நாளில் அந்த வீட்டுக்காக யார் பேசுவது? பதினாறு வயசுப் பெண்ணுக்குப் பரிசம் போட்டாயிற்று, ஊரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெண் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போட்டால் வீட்டுக்கு வருவது தலைவர் இல்லை, இந்தப் படிப்பு படித்த ஆள்தான்.

சம்பளத்தை அப்புறம் சொல்கிறேன். அதில் நல்ல சேதி குறைவு.

12 ஜூன்

இது என்ன படிப்பு என்றே தெரியாமல் பாதிப் பேர் கருத்து சொல்கிறார்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருசம், நான்கு செமஸ்டர். எந்த டிகிரி முடித்திருந்தாலும் சேரலாம், பி.ஏ. தமிழ் தடையே இல்லை. பெரும்பாலான கல்லூரிகளில் வாரம் இரண்டு நாள் வகுப்பு கிடையாது, ஃபீல்ட்வொர்க். ஆஸ்பத்திரி, குழந்தைகள் இல்லம், பள்ளிக்கூடம், கம்பெனி, கிராமம் என்று எங்காவது போட்டுவிடுவார்கள். போய்வந்து ரெக்கார்டு எழுத வேண்டும், அதை வைத்துக்கொண்டு வாத்தியார் கேள்வி கேட்பார். நடுவில் ஒரு கிராம முகாம். கடைசியில் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை பழகும் பிளாக் பிளேஸ்மென்ட், அதோடு ஓர் ஆய்வேடு.

பிரிவுகள் பொதுவாக மூன்று. சமூக மேம்பாடு, மருத்துவ-மனநலப் பணி, அப்புறம் எச்.ஆர்., அதாவது மனிதவளம். பையன்களில் நிறையப் பேர் எச்.ஆருக்குத்தான் ஓடுவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் தொழிலாளி இருக்கும் பெரிய ஆலை சட்டப்படி நலஅலுவலர் வைத்தே ஆக வேண்டும். அவ்வளவு பெரிய ஆலைக்கு நம்ம மாவட்டத்தில் எங்கே போவது? ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் என்று கிளம்ப வேண்டியதுதான். ஊரில் இருந்தபடி வேலை பார்க்க நினைக்கும் பெண் எச்.ஆர். எடுத்தால் வீண்.

எங்கே படிப்பது? பக்கத்தில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. மதுரையில் அழகர்கோவில் ரோட்டில் சமூக அறிவியல் கல்லூரி, திருச்சியில் பிஷப் ஹீபர், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம். சென்னையில் எழும்பூர் சமூகப்பணிக் கல்லூரி 1952-லிருந்து நடக்கிறது. இதற்கெல்லாம் மூத்தது மும்பை டாட்டா நிறுவனம், 1936. டாட்டாவுக்கும் திருவாரூருக்கும் சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், இந்த வருசத்துத் தேர்வு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியிலும் உண்டு. அதிலும் ஃபீல்ட்வொர்க் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

12 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

"எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி" என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஃபீல்ட்வொர்க் நாளில் வாத்தியார் களத்துக்கு வருகிறாரா, ரெக்கார்டைப் படித்துத் திருத்துகிறாரா என்று சீனியர் பிள்ளைகளிடம் கேளுங்கள். நான் படித்த இடத்தில் ஒருவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போடுவார். ஒரு ரெக்கார்டின் நடுவில் ரசம் வைக்கும் முறையை எழுதிவைத்தாள் என் தோழி. அதற்கும் "குட்" வாங்கினாள்.

14 ஜூன்

இந்தக் கடற்கரையில் ஃபீல்ட்வொர்க் செய்வது பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. கேட்டவரின் அக்கா பாசி எடுக்கிறவர் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கல்லூரிக்கு ஃபீல்ட்வொர்க் என்றால் காலை ஒன்பதரை முதல் நாலரை, வாரத்தில் குறித்த இரண்டு கிழமை. கடலுக்கு அந்தக் கிழமைக் கணக்கு கிடையாது. பாசிக்குப் போகும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, தண்ணீர் தோதாக இருக்கும் நாட்களில் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி, மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பறித்துக்கொண்டு, கரையேறி, காயப்போட்டு, வீட்டுக்கு வந்து உலையும் வைத்தாக வேண்டும். நோட்டும் பேனாவுமாகப் பத்து மணிக்குப் போய் நிற்கும் மாணவிக்குத் தெருவில் யார் இருப்பார்கள்? கிழவிகளும் கோழிகளும்தான்.

விசைப்படகு ஆண்களைப் பார்க்க வேண்டுமானால் அதற்குத் தனிக் கணக்கு. இராமேஸ்வரம் படகுகள் திங்கள், புதன், சனி மீன்வளத்துறையில் டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்கிக்கொண்டு போகும், மறுநாள் காலை திரும்பும். மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்கள் முறை. செவ்வாய்க்கிழமை ஃபீல்ட்வொர்க் என்றால் இரவெல்லாம் முழித்துவிட்டு வந்து உறங்குகிற மனிதனைத் தட்டி எழுப்பி "உங்கள் பகுதியின் தேவைகள் என்ன" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலை ரெக்கார்டில் எழுத முடியாது.

அதனால் இங்கே களப்பணி செய்த பிள்ளைகள் பாதிப் பேர் மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, கைகழுவும் முறை பற்றி ஒரு விழிப்புணர்வு நடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பாசி எடுக்கும் பெண்களுக்குச் சோப்பா பிரச்சினை? மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுப் பக்கம் பேத்தி போனால் வனத்துறை மறிக்கிறது. எடுத்துவந்த பாசிக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. கேட்டவரின் அக்கா மகளுக்கு இதை யாரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரப்போகும் நகரத்துப் பிள்ளைக்கு அது இல்லை.

15 ஜூன்

தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. அறுபத்தொரு நாள் கழித்துப் படகு போயிருக்கிறது. இன்றைக்கு இந்த இழையில் மண்டபத்துக்காரர் யாரும் பதில் எழுதமாட்டீர்கள் என்று தெரியும். மீன்பாடு நன்றாக அமையட்டும்.

17 ஜூன்

பெருநாள் வாழ்த்து. கீழக்கரையிலிருந்து கேட்ட தங்கச்சிக்கு: "லாத்தா, மெடிக்கல் சைக்கியாட்ரிக் எடுத்தால் ஏர்வாடியில் வேலை கிடைக்குமா?"

கிடைக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு சேரம்மா, எனக்கு யாரும் சொல்லவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநல சமூகப்பணியாளர் யார் என்று வரையறை இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது, அதற்கு மேல் மனநல சமூகப்பணியில் இரண்டு வருச முழுநேர எம்.ஃபில். வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடங்களில் நடக்கிறது. மற்ற எம்.ஃபில். எல்லாவற்றையும் யு.ஜி.சி. நிறுத்தியபோது, இதையும் கிளினிக்கல் சைக்காலஜியையும் மட்டும் 2025-26 வரை விட்டுவைத்தார்கள். நீ முடிக்கிற சமயத்தில் என்ன நிலைமை என்று அப்போது விசாரித்துக்கொள். வெறும் எம்.எஸ்.டபிள்யூ.வோடு கவுன்சிலர், கேஸ் ஒர்க்கர் (தனித்தனி ஆளுக்கு உதவுகிறவர்) என்று வேலை பார்க்கலாம், அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது.

ஏர்வாடியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவுக்கு வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. கொட்டகை ஓலை, ஆட்களுக்குச் சங்கிலி. ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் சுப்ரீம் கோர்ட் தானாக வழக்கை எடுத்தது. நாடெங்கும் இப்படிப்பட்ட இடங்களைச் சோதித்தார்கள். இப்போதைய சட்டத்தில் சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது.

நான் அங்கே ஃபீல்ட்வொர்க் போனபோது கற்றது வேறு. வகுப்பில் நம்பிக்கை, மூடநம்பிக்கை என்று கோடு போட்டுப் பேசுவார்கள். தர்கா வாசலில் மகனைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயிடம் அந்தக் கோட்டை நீட்டினால் எழுந்து போய்விடுவாள், மகனுக்கு மாத்திரையும் கிடைக்காது. துவாவும் ஓதட்டும், மருந்தும் எடுக்கட்டும் என்று அரசே தவா-துவா என்ற பெயரில் தர்கா பக்கத்திலேயே டாக்டரைக் கொண்டுவந்து வைத்தது நல்ல யோசனை. அங்கே என் வேலை பெரும்பாலும் பஸ் டிக்கெட், ஆதார், "அடுத்த மாத்திரை உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும்" என்ற விசாரிப்பு. ஒவ்வொரு மாவட்டத்திலும் மனநலத் திட்டம் இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம் என்று பத்துப் பேருக்கு எட்டு பேர் அறிந்திருக்கமாட்டார்கள். அதைச் சொல்லி, அந்த ஊர் ஆளிடம் போனில் பேசி ஒப்படைத்துவிட்டால் ஒரு குடும்பம் மறுபடி அவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. புத்தகத்தில் இதற்கு ரெஃபரல் என்று ஒரே வரி.

19 ஜூன்

பாம்பன்காரர் கோபமாக எழுதியிருக்கிறார்: "ஊரை வில்லன் ஆக்குகிறாய். ஊர்க்கட்டு இல்லாவிட்டால் உன் சட்டமும் நிற்காது."

வில்லன் ஆக்கவில்லை. ஆனால் அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், ஒரு சம்பவத்தோடு.

கடலுக்குப் போன ஒருவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஊரில் அவர் மனைவியான அந்த அக்காவின் பூவையும் பொட்டையும் எடுத்தாயிற்று. காகிதத்தில் அவள் சுமங்கலி. இறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழு வருசம் ஆளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். அதுவரை விதவை உதவித்தொகைக்கு மனு போட்டால் சான்றிதழ் எங்கே என்பார்கள். வங்கியில் புருஷன் பெயரில் கிடக்கும் பணத்துக்கும் அதே கேள்வி.

சங்கத் தலைவர் அந்த வீட்டுக்கு ஊரில் வரி பிரித்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு, மாதம் அரிசி. அதை எந்த எம்.எஸ்.டபிள்யூ.வும் செய்திருக்க முடியாது, எங்களிடம் பணமும் இல்லை, சொல்லும் இல்லை. நாங்கள் செய்தது அலுத்துப்போகும் வேலை. காணாமல்போனதாகப் போலீஸில் எஃப்.ஐ.ஆர். போட வைத்தோம். படகில் கூடப் போனவர்களிடம் எழுதி வாங்கினோம். டோக்கன் நகலை மீன்வளத்துறையிலிருந்து எடுத்தோம். ஏழு வருசம் கழித்து கோர்ட்டில் நிற்கும்போது இந்தக் காகிதம்தான் பேசும். அன்றைக்கே எடுக்காவிட்டால் பிறகு யார் எந்தப் படகில் போனார் என்று சத்தியம் செய்ய ஆள் இருக்காது.

எனவே பாம்பன்காரரே, ஊரும் வேண்டும். ஆனால் அதே ஊர் அந்த அக்கா மறுமணம் செய்யலாமா என்ற பேச்சு வந்தபோது எப்படி நின்றது என்று இங்கே எழுதினால் சண்டை வரும். விட்டுவிடுகிறேன்.

20 ஜூன்

பாம்பன்காரர் தனியாக எழுதியிருந்தார். அந்த விஷயத்தில் தானும் ஊர் பக்கம் நின்றதாகச் சொல்கிறார். வேறு ஊராம், வேறு அக்காவாம். சரி.

23 ஜூன்

சம்பளம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மாவட்டத்தில் இந்தப் படிப்புக்கு நேரடியாக இருக்கும் இடங்கள்: குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்ட மனநலத் திட்டம், ஆஸ்பத்திரியில் சில கவுன்சிலர் இடங்கள், அப்புறம் தொண்டு நிறுவனங்கள். முக்கால்வாசி தொகுப்பூதியம். வருசா வருசம் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் மாதத்தில் யாரும் உரக்கப் பேசமாட்டோம். மேலிருந்து நிதி வர தாமதம் என்றால் சம்பளமும் தாமதம். நிரந்தர வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி.யில் நன்னடத்தை அலுவலர் போன்ற பதவிகள் எப்போதாவது வரும், விரல்விட்டு எண்ணிவிடலாம். நெட் தேர்வில் சமூகப்பணி ஒரு பாடம், கல்லூரி வாத்தியாராகப் போக அந்த வழி இருக்கிறது.

பி.எட். பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கு: தகுதித் தேர்வில் பாஸ் செய்துவிட்டு வருசக்கணக்கில் காத்திருக்கும் தமிழ் பி.எட். ஆட்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். இரண்டு பக்கமும் காத்திருப்புதான். வித்தியாசம் என்னவென்றால் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவளுக்குச் சின்னச் சம்பளத்தில் உடனே ஒரு வேலை கிடைத்துவிடும். அது ஆபத்தும்கூட, அதிலேயே உட்கார்ந்துவிடுவோம்.

முதல் நாள் நான் எழுதியதில் ஒரு சேர்க்கை. ஊருக்கு எதிராக ஒற்றை ஆளுக்காக நிற்கும் வேலை என்றேன். ஒப்பந்தத்தில் இருப்பவள் எவ்வளவு தூரம் நிற்பாள் என்ற கேள்வியும் அதோடு வர வேண்டும். ஒரு கல்யாணத்தை நிறுத்தப் போனபோது, மேலதிகாரியே போனில் "பார்த்துப் போம்மா, பெரிய இடம்" என்றார். போய் நிறுத்தினோம். வேலை போகவில்லை. ஆனால் அந்தப் போன் வராத அலுவலகம் கிடையாது என்று தெரிந்துகொண்டு வரட்டும்.

24 ஜூன்

சிரிப்புக்கு ஒன்று. பீஸ்டெக் என்று ஓர் அமெரிக்கப் பாதிரியார் கேஸ் ஒர்க்குக்கு ஏழு கொள்கை வகுத்திருக்கிறார், முதல் செமஸ்டரிலேயே மனப்பாடம் செய்ய வேண்டும். அதில் ஒன்று ரகசியம் காப்பது. தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக்குள் போய்ப் பேசிவிட்டு வெளியே வந்தேன். எதிர்வீட்டு ஆத்தா, "என்னத்தா, அவ மாத்திர ஒழுங்கா திங்கிறாளா?" என்றது. ரகசியத்தை நான் காப்பாற்றினேன். ஆத்தாவுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நாலு வீடு ஏறி இறங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். எந்த வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது அல்லவா? தண்ணீர் குடித்தே வயிறு ரொம்பிவிடும்.

அந்த ஏழில் இன்னொன்று, முடிவை அந்த ஆளே எடுக்க வேண்டும் என்பது. கேட்டவருக்கு இது பொருந்தும். இவ்வளவு நீள இழையில் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. தாய்மாமன் சீர் செய்யட்டும், படிப்பை அவள் பார்த்துக்கொள்வாள்.

2 ஜூலை

மண்டபத்துக்காரர் பதில் எழுதியிருக்கிறார். அக்கா மகளிடம் கேட்டாராம். போன மழைக்காலத்தில் தெருவில் கணக்கெடுக்க வந்த ஒரு மாணவி, இவள் அம்மாவைக் கேள்வி கேட்டுவிட்டு அவர் சொன்னதை வேறு மாதிரி எழுதிக்கொண்டாளாம். "நான் எழுதினால் சரியாக எழுதுவேன்" என்பதுதான் காரணமாம். எனக்குப் பிடித்திருக்கிறது. சேவை மனப்பான்மை என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பேன்.

அண்ணே, மதுரையோ காரைக்குடியோ, விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இப்போதே எடுத்துவையுங்கள், உதவித்தொகைக்கு வேண்டும். விடுதிக்கு பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை மாணவியர் விடுதியையும் விசாரியுங்கள், செலவு பெரிதாகக் குறையும். இரண்டாம் வருசம் பிளாக் பிளேஸ்மென்டை மட்டும் சொந்த ஊரில் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரியோ ஜெயிலோ, அவளுக்குப் பழகாத இடமாக இருக்கட்டும். கடற்கரையை எப்படியும் அவளிடமிருந்து யாரும் பிடுங்கமாட்டார்கள்.

9 ஜூலை

மண்டபம் முகாமில் ஃபீல்ட்வொர்க் செய்ய முடியுமா என்று கேட்ட தம்பிக்கு: முடியும், ஆனால் நேராகப் போய் உள்ளே நுழைய முடியாது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்பதால் அரசு அனுமதி வேண்டும், கியூ பிராஞ்ச் போலீஸும் விசாரிக்கும். கல்லூரி லெட்டர்ஹெட்டில் துறைத் தலைவர் கையெழுத்தோடு, என்ன செய்யப் போகிறாய், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யார் யார் என்று எழுதி முன்கூட்டியே கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கச் சொல். படம் எடுக்கமாட்டோம் என்றும் ஒரு வரி சேர்த்துவிடு. வாரக்கணக்கில் இழுக்கும், அதனால் செமஸ்டர் தொடங்கிய அன்றே நகர்த்து. அங்கே ஏற்கெனவே அனுமதியோடு வேலை செய்யும் அமைப்பு மூலமாகப் போனால் இன்னும் சுளுவு.